எக்ஸ்பிக்காக சர்வரைத் திறக்காதீர்கள், நடுவில் ஒரு துபாஷியை வையுங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அன்பர் கேட்டது இது. தோல் அளக்கும் மெஷினோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று, தினமும் அளவுக் கோப்பை ஆபீஸ் சர்வரில் உள்ள பகிர்வு ஃபோல்டரில் எழுதிவந்தது. சர்வரில் உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் இருந்தவரை சிக்கல் இல்லை. போன மாதம் அதை எடுத்துவிட்டு 24.04 போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எக்ஸ்பியில் அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. இணையத்தில் தேடி, எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை அனுமதிக்கும் வரியைச் சேர்த்தபின் அந்தச் செய்தி போய்விட்டது. ஆனால் இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. சரியாகக் கொடுத்தாலும் மறுபடி கேட்கிறது. "இன்னும் எந்த வரியைப் போட வேண்டும்?" என்பதோடு அவர் கேள்வியை முடித்திருக்கிறார்.

அந்த வரி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அது மட்டும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. சதுர அடிக் கணக்கில்தான் தோலுக்குப் பில் போடுகிறோம். அந்தச் சதுர அடி இருக்கும் கோப்பு, ராத்திரிக்குள் பேக்கிங் லிஸ்ட் போடுகிறவர் கைக்கு வந்தாக வேண்டும். மெஷினை மாற்ற முதலாளி பணம் ஒதுக்க மாட்டார், எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் மெஷினின் சாஃப்ட்வேர் ஓடாது, அதே சர்வரில்தான் கணக்குகளும் இருக்கின்றன. இந்த நிலையில் அளவுக் கோப்பை எப்படிப் பத்திரமாகக் கொண்டுவருவது? இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். காட்பாடியில் இருந்துகொண்டு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துத் தொழிற்சாலைகளின் நெட்வொர்க் வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிறேன். பழைய வட ஆற்காட்டில் இந்த மாதிரி எக்ஸ்பி கணினி இல்லாத தோல் கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்பாகத் தருகிறேன். தட்டும்போது அப்படியே ஆங்கிலத்தில், நான் இடைவெளி விட்ட இடத்தில் இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

முதலில், ஏன் நின்றது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி1 மட்டும்தான். எஸ்எம்பி2 விஸ்டாவோடுதான் வந்தது. லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது சம்பா. உங்கள் பழைய 16.04-இல் இருந்தது சம்பா 4.3, புதிய 24.04-இல் இருப்பது 4.19. இந்த இடைவெளியில் இரண்டு கதவுகள் மூடப்பட்டன. 2016-இல் வந்த 4.5 பதிப்பில், என்டிஎல்எம் பதிப்பு 1 என்ற பழைய பாஸ்வேர்டு முறையை ஏற்பது இயல்பாக நிறுத்தப்பட்டது. 2019-இல் வந்த 4.11 பதிப்பில், எஸ்எம்பி2-க்குக் கீழே பேசுகிறவர்களை ஏற்பதும் இயல்பாக நிறுத்தப்பட்டது. படிப்படியாகப் புதுப்பித்து வந்திருந்தால் ஒவ்வொரு கதவும் தனித்தனியாக மூடியிருக்கும், நீங்களும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒரே தாவலில் வந்ததால் இரண்டும் சேர்ந்து முகத்தில் மோதின. நீங்கள் சேர்த்த வரி இரண்டாவது கதவை மட்டும் திறந்தது. அதனால்தான் செய்தி மாறியதே தவிர வேலை நடக்கவில்லை. நீங்கள் செய்தது பாதி சரி; அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வது உங்கள் லாகை (சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் கோப்பை) பார்க்காமல் சொல்வது, அதனால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எக்ஸ்பி அனுப்புகிற பழைய முறைப் பதிலை சம்பா மறுக்கிறது. இன்னொன்று, புதிய சர்வரில் லினக்ஸ் பயனரை உருவாக்கிவிட்டு, சம்பாவுக்கான பாஸ்வேர்டைத் தனியாகப் பதிய மறந்திருக்கிறீர்கள். சம்பா தன் பாஸ்வேர்டுகளைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. லினக்ஸில் உள்ள பாஸ்வேர்டு அதற்குத் தெரியாது. "எஸ்எம்பிபாஸ்வேர்ட்" கட்டளையை "ஏ" குறியோடு கொடுத்துத்தான் பதிய வேண்டும் (பாஸ்வேர்ட் என்பதை அங்கே சுருக்கமாக, நடுவில் ஓ, ஆர் இரண்டும் இல்லாமல் எழுத வேண்டும்). இரண்டில் எது என்று பிரித்தறிவது சுலபம். வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து எஸ்எம்பிகிளையன்ட் கட்டளையால் அதே பயனர் பெயர், அதே பாஸ்வேர்டில் அந்தப் பகிர்வைத் திறந்து பாருங்கள். திறந்தால் பாஸ்வேர்டு சரி, கோளாறு எக்ஸ்பி பேசும் முறையில். திறக்காவிட்டால் பாஸ்வேர்டு பதிவில்தான் கோளாறு. இன்னும் நிச்சயமாக வேண்டுமென்றால் சம்பாவின் லாக் அளவை 2-க்கு உயர்த்தி, ஒருமுறை எக்ஸ்பியிலிருந்து முயன்றுவிட்டு, லாகைத் தேடுங்கள். என்டிஎல்எம்வி1 பாஸ்வேர்டுக்கு அனுமதி இல்லை என்ற பொருளில், பெரிய ஆங்கில எழுத்தில் "நாட் பெர்மிட்டெட்" என்று ஒரு வரி இருந்தால் முதல் காரணம்தான். உங்கள் பழைய சர்வரின் வரலாற்றைப் பார்த்தால் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் இணையத்தில் எல்லோரும் சொல்லும் வழி, சம்பாவின் அமைப்புக் கோப்பில் "என்டிஎல்எம் ஆத்" என்பதை "எஸ்" (ஆம்) என்று மாற்றுவது. மாற்றினால் வேலை நடக்கும். ஆனால் அதைச் செய்யாதீர்கள், தேவையே இல்லை. எக்ஸ்பிக்கு என்டிஎல்எம் பதிப்பு 2 தெரியும். இயல்பாக அதைப் பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்பி புரொஃபஷனல் என்றால் கண்ட்ரோல் பேனலில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், அதற்குள் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, அதற்குள் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் போங்கள். நெட்வொர்க் செக்யூரிட்டி என்று தொடங்கும் வரிகளில் லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல் என்று ஒன்று இருக்கும். என்டிஎல்எம்வி2 மட்டும் அனுப்பு என்ற தேர்வை அதில் வையுங்கள். எக்ஸ்பி ஹோமில் இந்தத் திரை கிடையாது. அங்கே ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், எல்எஸ்ஏ என்று இறங்கி, எல்எம்கம்பாட்டிபிலிட்டிலெவல் என்ற மதிப்பை 3 ஆக்க வேண்டும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. சர்வரை ஒரு படி கீழே இறக்குவதற்குப் பதில் எக்ஸ்பியை ஒரு படி மேலே ஏற்றியதாகிறது. மெஷின் சாஃப்ட்வேருக்கு இதனால் ஒரு பாதிப்பும் வராது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் முடிந்தது: "குளோபல்" பகுதியில் "சர்வர் மின் புரோட்டகால்" சமம் "என்டி1" (எஸ்எம்பி1-க்கு சம்பா வைத்திருக்கும் பெயர்), எக்ஸ்பியில் என்டிஎல்எம் பதிப்பு 2. டெஸ்ட்பார்ம் கட்டளையால் கோப்பில் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்தால் எக்ஸ்பி உள்ளே வரும். வந்ததும் சர்வரில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் என்று அடித்தால் அந்தக் கணினிக்கு நேரே என்டி1 என்று காட்டும்.

ஆனால் இதை உங்கள் ஆபீஸ் சர்வரில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"சர்வர் மின் புரோட்டகால்" என்பது குளோபல் அமைப்பு. இந்தப் பகிர்வுக்கு மட்டும் எஸ்எம்பி1, கணக்குப் பகிர்வுக்கு எஸ்எம்பி3 என்று பிரிக்க முடியாது. ஒரு எக்ஸ்பிக்காகத் திறந்தால் சர்வரில் உள்ள எல்லாப் பகிர்வுகளும் எல்லோருக்கும் எஸ்எம்பி1-இல் திறந்திருக்கும். எஸ்எம்பி1-இல் கோப்பு கம்பியில் மறைகுறியாக்கம் இல்லாமல் போகிறது. நெட்வொர்க்கில் புகுந்த ஒருவன், எஸ்எம்பி1 இன்னும் நீக்கப்படாத மற்ற கணினிகளையும் அந்தப் பழைய மொழிக்கு இறக்கிவிட முடியும். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் அப்போது மைக்ரோசாஃப்ட் தனியாகத் திருத்தம் கொடுத்தது. அந்தக் குறிப்பிட்ட ஓட்டை சம்பாவில் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் போட்டுக் குழப்பிப் பயமுறுத்துகிறவர்கள் நிறைய. சம்பாவுக்கு அதே மே மாதம் வேறொரு ஓட்டை வெளிவந்து அடைக்கப்பட்டது, அது வேறு கதை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2018-இல் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. இதே மாதிரி ஒரு எக்ஸ்பி, இதே மாதிரி ஒரு சர்வர். அவசரம் என்றார்கள். நான் பிரதான சர்வரிலேயே எஸ்எம்பி1-ஐத் திறந்து, பழைய பாஸ்வேர்டு முறையையும் அனுமதித்து, எக்ஸ்பி பயனருக்கு எல்லாப் பகிர்வுகளிலும் எழுதும் உரிமை கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் மெஷின் பழுதுபார்க்க வந்தவர் தன் பென்டிரைவை எக்ஸ்பியில் செருகினார். மறுநாள் காலை சர்வரின் ஃபோல்டர்களில் பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. சர்வரின் லினக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்பியில் புகுந்தது, அந்தப் பயனருக்கு நான் கொடுத்திருந்த உரிமையைக் கொண்டே எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் இருந்ததால் பெரும்பகுதி திரும்பி வந்தது. மூன்று நாள் பேக்கிங் லிஸ்ட் போயிற்று. இரண்டு பெண்கள் உட்கார்ந்து காகிதச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டினார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை நானும் கூட உட்கார்ந்து சரிபார்த்தேன். நேர்மையாகப் பிரித்துச் சொன்னால், அந்தச் சேதத்துக்கு எஸ்எம்பி1 நேரடிக் காரணம் இல்லை. அளவுக்கு மீறிய உரிமைதான் காரணம். ஆனால் ஒரு பழைய கணினிக்காகப் பிரதான சர்வரை வளைக்கத் தொடங்கினால் ஒரு வளைவு அடுத்ததைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்த வேலையை ஒரே ஒரு விதமாகத்தான் செய்கிறேன்.

ஆற்காட்டு நவாபிடம் கம்பெனி வெள்ளைக்காரன் நேராகப் போய் நின்று பேசிவிடவில்லை. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த துபாஷி ஒருவர் இருந்தார். உங்களுக்கும் அப்படி ஒரு பெட்டி வேண்டும். மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது லேன் கார்டு ஒன்று போட்டால் போதும். ராஸ்பெர்ரி பை என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று. டெபியன் 12 போடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். ஒரு கார்டிலிருந்து எக்ஸ்பிக்கு நேராக ஒரே கேபிள், நடுவில் ஸ்விட்ச் கூட வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு 192.168.50.1 என்று வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்பிக்கு 192.168.50.2, டீஃபால்ட் கேட்வே கட்டம் காலி, டிஎன்எஸ் கட்டமும் காலி. இன்னொரு கார்டு ஆபீஸ் நெட்வொர்க்கில். இரண்டு கார்டுகளுக்கும் நடுவில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் கடத்திவிடுவது) இருக்கக் கூடாது. டெபியனில் அது இயல்பாகவே இல்லை, ஆனால் பின்னாளில் யாராவது அதில் டாக்கர் போட்டால் அது தானாகத் திறந்துவிடும். அதனால்தான் வேறு எதுவும் வேண்டாம் என்றேன்.

இந்தப் பெட்டியின் சம்பாவில் மட்டும் என்டி1 அனுமதி. கூடவே "இன்டர்ஃபேசஸ்" என்ற வரியில் "எல்ஓ" என்பதையும் எக்ஸ்பி பக்கத்துக் கார்டின் பெயரையும் மட்டும் எழுதி, "பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி" என்பதை "எஸ்" ஆக்குங்கள். "எல்ஓ" என்பதை விட்டுவிட்டால் பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை தன் சொந்தக் கணினியையே அடைய முடியாமல் திணறும். பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். "மேப் டு கெஸ்ட்" என்பதை "நெவர்" ஆக்குங்கள். டெபியனும் உபுண்டுவும் அதை "பேட் யூசர்" என்று வைத்துத் தருகின்றன. அதன் பொருள், தெரியாத பெயரில் யார் வந்தாலும் விருந்தாளியாக உள்ளே விடு என்பது. எக்ஸ்பியில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நுழைந்திருக்கும்போது ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வரியைத்தான். அளவு எழுத ஒரு பயனர், ஒரு பகிர்வு, அந்த ஒரு பயனருக்கு மட்டும் உரிமை. எக்ஸ்பியில் நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அதேபோல இருந்தால் தினமும் தட்ட வேண்டியதில்லை. எக்ஸ்பியிலிருந்து பெயரை வைத்துத் தேடாமல், ஐபி எண்ணையே கொடுத்து டிரைவ் எழுத்தாக மேப் செய்யுங்கள். மை நெட்வொர்க் ப்ளேசஸில் பெட்டி தெரியவில்லை என்று அரைநாள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெட்டியில் வந்த கோப்பு சர்வருக்குப் போவது எப்படி? இங்கேதான் திசை முக்கியம். பெட்டி சர்வருக்கு அனுப்பக் கூடாது; சர்வர் பெட்டியிடம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வரில் ஒரு எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பத்திரமாக நுழையும் முறை) சாவி, அந்தச் சாவிக்குப் பெட்டியில் படிக்கும் உரிமை மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) மூலம் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுப்பது) ஓடி, டெக்ஸ்ட் கோப்புகளை மட்டும் எடுத்துவரட்டும். பெட்டியில் சர்வருக்கான சாவியோ பாஸ்வேர்டோ எதுவும் இருக்காது. எக்ஸ்பி கெட்டுப்போய், அதன் வழியாகப் பெட்டியும் கெட்டாலும், அங்கிருந்து கணக்குப் பக்கம் நடக்க வழி கிடையாது. பெட்டியின் ஆபீஸ் பக்கத்தில் ஃபயர்வால் வைத்து, சர்வரின் ஐபியிலிருந்து வரும் 22-ஆம் போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். ஆர்சிங்கில் "டிலீட்" குறியைப் போடாதீர்கள். போட்டால் பெட்டியில் அழிந்த கோப்பு சர்வரிலும் அழியும். எக்ஸ்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிக் கோப்பை எடுத்துவிடாமல் இருக்க, ஃபைண்ட் கட்டளையால் கடைசியாக எழுதி ஐந்து நிமிடம் ஆன கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். பாதி எழுதிய கோப்பு பேக்கிங் லிஸ்டுக்குப் போய், ஒரு லாட்டில் சதுர அடி குறைந்து, வாங்குகிறவரோடு தகராறு வரை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மெஷினின் சாஃப்ட்வேர் அளவுக் கோப்பை எக்ஸ்பியின் சொந்த சி டிரைவில் சேமிக்க ஒத்துக்கொள்கிறதா? அமைப்புத் திரையில் ஃபோல்டரை மாற்ற இடம் இருந்தால் எஸ்எம்பி1-ஏ வேண்டாம். எக்ஸ்பியோடு வரும் எஃப்டிபி கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் வைத்து, ஷெட்யூல்டு டாஸ்கில் போட்டால், துபாஷிப் பெட்டியில் உள்ள விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் அதை வாங்கிக்கொள்ளும். எஃப்டிபியில் பாஸ்வேர்டு திறந்தபடி போகிறதே என்று கேட்பீர்கள். ஒரே கேபிளில் இரண்டு கணினிகள் மட்டும் இருக்கும் இடத்தில் ஒட்டுக் கேட்க ஆளில்லை. ஆபீஸ் நெட்வொர்க் என்றால் நானே வேண்டாம் என்பேன். எக்ஸ்பியின் எஃப்டிபிக்கு ஆக்டிவ் முறை மட்டும்தான் தெரியும், பாசிவ் தெரியாது. நேர்க் கேபிளில் அதனால் தடை இல்லை, எக்ஸ்பியின் சொந்த ஃபயர்வாலை மட்டும் கவனியுங்கள். எஸ்எம்பி1-ஐ விட இது எளிமையானது, உடையும் இடமும் குறைவு. இரண்டுக்கும் வழி இருந்தால் நான் எஃப்டிபியைத்தான் எடுப்பேன். சாஃப்ட்வேர் பிடிவாதமாக மேப் செய்த டிரைவைக் கேட்டால்தான் சம்பா.

மாறாக, உங்கள் சாஃப்ட்வேர் டெக்ஸ்ட் கோப்பு எழுதாமல், பகிர்வில் இருக்கும் டிபிஎஃப் என்ற தரவுத்தளக் கோப்பையே நேராகத் திறந்து வரிசை வரிசையாக எழுதுகிற ஃபாக்ஸ்ப்ரோ காலத்து நிரலாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். சம்பா ஒரு கணினிக்கு ஆப்லாக் (கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் அனுமதி) கொடுத்தால், அந்தக் கணினி எழுதுவதைத் தன்னிடமே கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகு அனுப்பும். நடுவில் கேபிள் ஆடினாலோ கரன்ட் போனாலோ இன்டெக்ஸ் கெட்டுவிடும். அந்தப் பகிர்வில் "ஆப்லாக்ஸ்", "லெவல்2 ஆப்லாக்ஸ்" இரண்டையும் "நோ" ஆக்கிவிடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும்; அளவு மெஷினின் வேகத்துக்கு அது தெரியவே தெரியாது.

கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டேனரியில் பாதிக் கோளாறு சாஃப்ட்வேரில் இருப்பதில்லை. தோலிலிருந்து முடி நீக்க சோடியம் சல்பைடு போடுகிறோம். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்க வைக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் லேன் கேபிளின் முனையில் உள்ள பின்கள் சீக்கிரம் போய்விடும். அளவு மெஷின் ஃபினிஷிங் பக்கம்தான் இருக்கும் என்றாலும் அதே வளாகத்துக் காற்றுதான். சின்னக் கோப்பு போகிறது, பெரிய கோப்பு நடுவில் நிற்கிறது என்றால் முதலில் முனையை வெட்டிப் புதிதாக அடித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்பியின் லேன் கார்டு அமைப்பில் வேகத்தை யாராவது 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் கட்டிவைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் ஒழுங்காகப் போகும், கோப்பு மட்டும் ஊரும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் வைப்பதே சரி.

எக்ஸ்பியின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி போயிருந்தால், ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். கோப்பின் பெயரைத் தேதியை வைத்து உருவாக்கும் சாஃப்ட்வேர் என்றால் நேற்றைய கோப்பின் மேலேயே இன்றையது எழுதப்படும். பேட்டரியை மாற்றுங்கள். அதோடு துபாஷிப் பெட்டியின் சம்பாவில் "டைம் சர்வர்" என்பதை "எஸ்" ஆக்கிவிட்டு, எக்ஸ்பியின் ஸ்டார்ட்அப்பில் "நெட் டைம்" கட்டளையைப் பெட்டியின் ஐபியோடும் "செட்", "எஸ்" குறிகளோடும் வைத்தால், திறக்கும்போதே கடிகாரம் சரியாகிவிடும். இன்டர்நெட்டே இல்லாத எக்ஸ்பிக்கு இது பெரிய உதவி.

இந்த வழி எக்ஸ்பிக்கு மட்டும் பொருந்துவதில்லை. பழைய மேனேஜ்டு ஸ்விட்ச்சுக்குள் புதிய உபுண்டுவிலிருந்து எஸ்எஸ்எச் போக முடியவில்லை என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 2021-இல் வந்த 8.8 பதிப்பிலிருந்து எஸ்எச்ஏ1 கையெழுத்துள்ள ஆர்எஸ்ஏ சாவியை இயல்பாக ஏற்பதில்லை. அதற்கு முன்பே 7.0-இல் பழைய டிஃபி ஹெல்மன் குரூப்1 முறையும் போய்விட்டது. இதற்கு ஊருக்கே பொதுவாகப் பழைய முறையைத் திறக்காமல், உங்கள் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் அந்த ஸ்விட்ச்சின் ஐபிக்கு மட்டும் ஒரு "ஹோஸ்ட்" பகுதி எழுதி, அதற்குள் அந்த முறைகளைக் கூட்டல் குறியோடு சேருங்கள். ஃபெடோராவில் முழுக் கணினியின் மறைகுறியாக்கக் கொள்கையையே "லெகசி" ஆக்கும் கட்டளை ஒன்று உண்டு. ஒரு ஸ்விட்ச்சுக்காக அதைத் தொடாதீர்கள்.

டாஸ் கணினியும் நாவெல் நெட்வேரும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெட்வேர் பேசிய ஐபிஎக்ஸ், லினக்ஸ் கெர்னலிலிருந்து 2018-இல் நீக்கப்பட்டுவிட்டது. எந்த அமைப்பைத் திறந்தாலும் புதிய கெர்னலில் அது வராது. நெட்பியூயி மொழியை சம்பா எப்போதுமே பேசியதில்லை. அதற்கு டிசிபி/ஐபி மேல்தான் பேசத் தெரியும். டாஸ் கணினியில் லேன் கார்டுக்குப் பாக்கெட் டிரைவர் கிடைத்தால் எம்டிசிபி என்ற இலவச நிரல் தொகுப்பைப் போட்டு எஃப்டிபியில் கோப்பை அனுப்பலாம். அந்தப் பக்கம் அதே துபாஷிப் பெட்டிதான். பழைய மேக்கின் ஆப்பிள்டாக் கதை வேறு. அதை லினக்ஸில் பேசும் நெட்டாடாக் நிரலின் 3-ஆம் பதிப்பில் கைவிடப்பட்ட அது 2024-இல் 4.0 பதிப்பில் திரும்பி வந்துவிட்டது.

சம்பா குழுவினர் எஸ்எம்பி1-ஐக் கைவிடப்போகும் பட்டியலில் 2019-இலேயே சேர்த்துவிட்டார்கள். நீங்கள் போட்டிருக்கும் பதிப்பில் அது இருக்கிறது. துபாஷிப் பெட்டியில் சம்பாவின் பதிப்பை உயர்த்தும்போது வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு உயர்த்துங்கள். ஆபீஸ் சர்வரைப் பற்றி அந்தக் கவலை உங்களுக்கு இருக்காது. அதை வழக்கம்போலப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்பியின் ஹார்டுடிஸ்க் அநேகமாக மெஷினோடு வந்த பழைய ஐடிஈ டிஸ்க்காகவே இருக்கும். நெட்வொர்க் வேலையைத் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கட்டளையால் முழுப் படிமம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டிஸ்க் கெடத் தொடங்கியிருந்தாலும் டிடிரெஸ்க்யூ படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைப் பிறகு முயலும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துபாஷிப் பெட்டியை மாட்டுங்கள். முதல் ஒரு வாரம் பழையபடி காகிதச் சீட்டும் இருக்கட்டும். தினமும் மாலை சீட்டின் மொத்தச் சதுர அடியையும் சர்வருக்கு வந்த கோப்பின் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்காவது நின்றால் இங்கேயே எழுதுங்கள். எழுதும்போது எக்ஸ்பி எந்த சர்வீஸ் பேக், சாஃப்ட்வேர் எழுதுவது டெக்ஸ்ட் கோப்பா டிபிஎஃப் கோப்பா, லாக் அளவு 2-இல் சம்பா எழுதிய கடைசி இருபது வரிகள், இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.